உலுருவுக்கு வண்டியிலா, விமானத்திலா?

கேள்வி: 3 ஜூன் 2024

அக்கா, நாங்கள் மெல்பர்னில் இருக்கிறோம். செப்டம்பர் 21 முதல் அக்டோபர் 6 வரை பள்ளி விடுமுறை. அப்போது திருநெல்வேலியிலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்திருப்பார்கள். அப்பாவுக்கு 68, அம்மாவுக்கு 63. பையனுக்கு எட்டு, பெண்ணுக்கு ஐந்து. எல்லோரையும் உலுருவுக்கு, அதுதான் நாட்டின் நடுவில் பாலைவனத்தில் நிற்கிற பெரிய சிவப்புப் பாறை, அழைத்துப் போக ஆசை. ஆறு பேருக்கு விமான டிக்கெட் பார்த்தேன், தலை சுற்றியது. வண்டியிலேயே போய்விடலாம் என்று நான் சொல்கிறேன், மனைவி வேண்டாம் என்கிறார். நீங்கள் போய் வந்தவர்கள். என்ன செய்யலாம்?

3 ஜூன் 2024, இரவு 9.40

வண்டியில் போங்கள் தம்பி. நாங்கள் 2018 ஜூலையில் அப்படித்தான் போனோம். நான், கணவர், அப்போது ஒன்பது வயதான மகன், மதுரையிலிருந்து வந்திருந்த மாமாவும் அத்தையும். அடிலெய்டில் கொழுந்தனார் ஏறிக்கொண்டார். ஏழு பேர் உட்காரும் வண்டி.

மெல்பர்னிலிருந்து அடிலெய்டு 730 கிலோமீட்டர். அங்கே ஓர் இரவு. மறுநாள் கூபர் பெடி என்ற சுரங்க ஊர் வரை 850. அங்கே ஓர் இரவு. மூன்றாம் நாள் 735 கிலோமீட்டர் ஓட்டினால் மாலையில் யுலாரா, உலுரு பார்க்க வருகிறவர்கள் தங்குகிற ஊர். ஆகமொத்தம் 2,300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. சென்னையிலிருந்து டெல்லி போவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விமானத்தில் போகிறவர்கள் பாறையை மட்டும் பார்க்கிறார்கள். அந்தப் பாறை எத்தனை பெரிய வெறுமைக்கு நடுவில் நிற்கிறது என்பது வண்டியில் போனவர்களுக்குத்தான் தெரியும்.

3 ஜூன் 2024, இரவு 10.15

அடிலெய்டுக்கு வடக்கே போர்ட் அகஸ்டா என்ற ஊரைத் தாண்டியதும் வயல்கள் முடிந்துவிடும். மரங்கள் குட்டையாகும், பிறகு புதர், பிறகு புதரும் இடைவெளி விட்டு நிற்கும். மண் பழுப்பிலிருந்து மெல்ல மெல்லச் சிவக்கும். இது நடக்க ஒரு முழு நாள் ஆகிறது. மாமா கண்ணாடிப் பக்கம் உட்கார்ந்து மண்ணையே பார்த்துக்கொண்டு வந்தார். வண்டியை நிறுத்தும்போதெல்லாம் இறங்கி ஒரு பிடி மண்ணைக் கையில் எடுத்து, விரல்களால் தேய்த்துப் பார்த்துவிட்டுப் போடுவார். நாற்பது வருடம் விவசாயம் செய்தவர். கூபர் பெடிக்கு வடக்கே மார்லா என்ற சின்ன ஊருக்கு அப்பால் ஓர் இடத்தில் எடுத்த மண் அவர் உள்ளங்கையில் குங்குமம் போல ஒட்டிக்கொண்டது. வேட்டியில் துடைத்தார். அந்தக் கறை கடைசி வரை போகவே இல்லை.

4 ஜூன் 2024, காலை 7.05

பெட்ரோலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வழியெங்கும் கிடைக்கும், நூறு கிலோமீட்டருக்கு ஒரு பங்க் இருக்கும். பயப்பட வேண்டாம்.

4 ஜூன் 2024, மதியம் 1.20

காலையில் எழுதியது தவறு. கணவர் படித்துவிட்டு, "இப்படியா எழுதுவாய்?" என்று கடிந்துகொண்டார். அவர் சொல்வதுதான் சரி. போர்ட் அகஸ்டாவிலிருந்து பிம்பா 170 கிலோமீட்டர். பிம்பாவிலிருந்து கிளெண்டம்போ 110. கிளெண்டம்போவிலிருந்து கூபர் பெடி வரை 250 கிலோமீட்டருக்கு ஒன்றும் இல்லை. பங்க் இல்லை, கடை இல்லை, வீடு இல்லை. மதுரையிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரு டீக்கடைகூட இல்லாத சாலையை நினைத்துப் பாருங்கள். கூபர் பெடியிலிருந்து மார்லா 235, அங்கிருந்து குல்கேரா 180. எர்ல்டண்டாவில் இடது பக்கம் திரும்பிய பிறகு யுலாராவுக்கு 245. பாதி டேங்க் காலியானால் அடுத்த பங்க்கில் நிரப்பிவிட வேண்டும். "அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சு அங்கே எடுபடாது.

ஒரு சின்ன விஷயம். அந்தப் பக்கத்துப் பங்க்குகள் பலவற்றில் வழக்கமான 91 பெட்ரோலுக்குப் பதில் ஓபல் என்ற பெயரில் ஒன்று இருக்கும். வண்டிக்கு ஒன்றும் ஆகாது. தனித்து வாழும் பழங்குடிச் சமூகங்களில் இளைஞர்கள் பெட்ரோலை முகர்ந்து மூளையைக் கெடுத்துக்கொள்வது பெரும் துயரமாக இருந்தது. அதற்காகவே, முகர்ந்தாலும் போதை தராத வகையில் 2005 வாக்கில் இதைக் கொண்டுவந்தார்கள். பங்க்கில் அந்தப் பெயரைப் பார்க்கும்போது பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எட்டு வயதுப் பையனுக்குப் புரியும்.

4 ஜூன் 2024, இரவு 11.00

கூபர் பெடியைத் தவறவிடாதீர்கள் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். 1915-ல் அங்கே ஓபல் கல் கிடைத்தது. கோடையில் வெயில் தாங்காமல் தோண்டிய குழிகளிலேயே குடியிருக்கத் தொடங்கினார்கள். இன்றும் பலர் நிலத்துக்கு அடியில்தான் வாழ்கிறார்கள். விடுதி, தேவாலயம் எல்லாம் பாறைக்குள்.

நாங்கள் தங்கிய அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்க இயந்திரம் குடைந்த தடம், பிறை பிறையாக, வெண்மையும் துருவின் நிறமும் அடுக்கடுக்காக. கையை வைத்தால் குளிரவும் இல்லை, சுடவும் இல்லை. வெளியே ஜூலை மாதத்துக் குளிர்காற்று ஊளையிட்டது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. மகன் சுவரில் காதை வைத்துப் படுத்தபடியே தூங்கிவிட்டான்.

5 ஜூன் 2024, மாலை 6.30

கூபர் பெடியின் நல்லதை மட்டும் எழுதினேன். அங்கே போய்ச் சேர்ந்த கதையையும் சொல்ல வேண்டும்.

அன்று காலை ஆறு மணிக்கு அடிலெய்டை விட்டுக் கிளம்புவதாகத் திட்டம். சோறு வடித்து, புளியோதரை கிளறி, பொட்டலம் கட்டிப் புறப்படும்போது எட்டு. ஜூலையில் ஆறு மணிக்குள் இருட்டிவிடும். கடைசி அறுபது கிலோமீட்டர் இருட்டில். இருபுறமும் கங்காரு. வெளிச்சம் பட்டதும் கண்கள் மின்னும், அது எந்தப் பக்கம் குதிக்கும் என்று சொல்லவே முடியாது. கொழுந்தனார் அறுபதுக்கு மேல் போகவில்லை. பின்னால் வந்த சரக்கு வண்டிக்கு ஒதுங்கி வழிவிட்டோம். மூன்று நான்கு பெட்டிகளைக் கோத்து இழுத்துக்கொண்டு ஓடுகிற வண்டிகள் அவை. ஐம்பத்துமூன்றரை மீட்டர் நீளம் வரை அனுமதி உண்டு. அது கடந்தபோது எங்கள் வண்டியே ஒரு முறை ஆடி நின்றது. அத்தை பின்னிருக்கையில் "முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். யாரும் வேறு பேச்சுப் பேசவில்லை.

அன்றிரவு அந்த ஜன்னல் இல்லாத அறையில் மாமா விழித்துக்கொண்டார். விளக்குச் சுவிட்ச் எங்கே என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு. சுவரைத் தடவித் தடவி வந்தவர் நாற்காலியில் இடித்துக்கொண்டார். எனக்கு அழகாக இருந்த அறை அவருக்கு மூச்சு முட்டியிருக்கிறது. காலையில்தான் சொன்னார்.

5 ஜூன் 2024, இரவு 8.10

தம்பி, நீங்கள் ஒன்றுக்குப் பதில் சொல்லவில்லை. உங்கள் வண்டியை எத்தனை பேர் ஓட்டுவீர்கள்? எங்களிடம் மூன்று பேர் இருந்தோம்.

6 ஜூன் 2024, காலை 6.50

நீங்கள் ஒருவர் மட்டும்தான் என்றால், நான் முதல் நாள் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒரே ஆள், சிறு பிள்ளைகளும் பெரியவர்களும் உள்ள வண்டியில், மூன்று நாள் தொடர்ந்து 2,300 கிலோமீட்டர் ஓட்டக் கூடாது. அந்தச் சாலை நேர்க்கோடு. வளைவு இல்லை, ஊர் இல்லை, சிக்னல் இல்லை. கண் திறந்திருக்கும்போதே மனம் தூங்கிவிடும். இதில் உங்கள் மனைவி சொல்வதே சரி.

6 ஜூன் 2024, இரவு 9.30

காசுக் கணக்கு கேட்டீர்கள். பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். 2018-ல் மொத்தம் ஓடியது 5,200 கிலோமீட்டருக்கு மேல். பெட்ரோல் 950 டாலர். வழியில் போக வர நான்கு இரவுகள், போகும்போது இரண்டு அறை, வரும்போது ஓர் அறை. அது 800 டாலர் சொச்சம். இன்றைக்கு இரண்டும் கூடியிருக்கும். மார்லாவுக்கு வடக்கே ஒரு கல் தெறித்து முன்கண்ணாடியில் விரிசல் விழுந்தது. அதை நான் அன்று செலவில் எழுதவே இல்லை. போக மூன்று நாள், வர மூன்று நாள், ஆறு நாள் விடுப்பு. அதையும் எழுதவில்லை.

ஆறு பேர் என்றால் வண்டிதான் மலிவு, சந்தேகமில்லை. இரண்டு பேர் என்றால் விமானமே மலிவாகிவிடும். நடுவில் இருப்பவர்கள்தான் விடுப்பு நாளுக்கு என்ன விலை போடுவது என்று வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும்.

8 ஜூன் 2024, காலை 10.00

"வரும்போது ஏன் ஓர் அறை?" என்று கேட்டிருக்கிறீர்கள். கவனித்துவிட்டீர்கள்.

மூன்றாம் நாள் மாலை யுலாரா போய்ச் சேர்ந்தபோது மாமாவுக்கு இரண்டு காலும் வீங்கியிருந்தது. செருப்புக்குள் நுழையவில்லை. மறுநாள் பாறையைச் சுற்றி நடக்க வேண்டும் என்று மதுரையிலிருந்தே ஆசையோடு வந்தவர். 10.6 கிலோமீட்டர் நடை. திருவண்ணாமலை கிரிவலம் பதினான்கு கிலோமீட்டர், அதையே நடந்திருக்கிறேன், இது என்ன என்று கேட்டவர். நாங்கள் நடந்தபோது அவர் வண்டிக்குள் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. "எங்கள் ஊர் யானைமலை மாதிரியே இருக்கிறது. அதுவும் இப்படித்தான், ஒரே கல்" என்றார். ஒத்தக்கடையில் பிறந்து வளர்ந்தவர். அன்று சாயங்காலம் பாறை செம்பு நிறமாகி, பிறகு ஊதாவாகி, அணைந்துபோகிற வரைக்கும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் தொண்டையை அடைத்தது. மூன்று நாள் உட்கார வைத்தே கொண்டுவந்து, நடக்க வேண்டிய நாளில் நடக்க முடியாமல் செய்துவிட்டோமே என்று இன்றும் வருத்தம் இருக்கிறது.

ஆகவே திரும்பும்போது திட்டத்தை மாற்றினோம். யுலாராவிலிருந்து அந்தப் பகுதியின் பெரிய ஊரான ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை 450 கிலோமீட்டர் ஒரே நாளில் எல்லோரும் வண்டியில் போனோம். அங்கிருந்து நான் மாமாவையும் அத்தையையும் விமானத்தில் அழைத்து வந்தேன். கணவரும் கொழுந்தனாரும் மகனும் வண்டியில் வந்தார்கள். நாங்கள் மூன்று மணி நேரத்தில் வீடு வந்துவிட்டோம். அவர்கள் மூன்றாம் நாள் வந்தார்கள்.

8 ஜூன் 2024, மதியம் 3.45

பாறை மீது ஏறுவதைப் பற்றி யாரோ கேட்டிருக்கிறார்கள். நாங்கள் போனபோது பாறை மீது ஏற அனுமதி இருந்தது. அடிவாரத்திலேயே "தயவுசெய்து ஏறாதீர்கள்" என்று அந்த நிலத்துக்கு உரியவர்களான அனாங்கு மக்களின் வேண்டுகோள் எழுதி வைக்கப்பட்டிருந்தது. அதன் பக்கத்திலேயே சங்கிலியைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஏறவில்லை. 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவது முற்றிலும் தடை. 1985-ல் அதே அக்டோபர் 26 அன்றுதான் அந்த நிலத்தை அவர்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். மலையைச் சுற்றி வருவதுதான் மரியாதை என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

11 ஜூன் 2024, இரவு 10.20

விமானத்தில் போகிறவர்கள் பாறையை மட்டும் பார்க்கிறார்கள் என்று முதல் நாள் எழுதினேன். அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஏனென்றால் நானே போன வருடம் மே மாதம் என் அம்மாவை விமானத்தில் அழைத்துப் போனேன். மெல்பர்னிலிருந்து நேராக யுலாராவுக்கு, மூன்று மணி நேரம். அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி.

அம்மா ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. முதலில் சதுரம் சதுரமாக வயல்கள். பிறகு வெள்ளையாக உப்பு ஏரிகள், சுண்ணாம்பைக் கொட்டிப் பரப்பியது போல. பிறகு சிவப்பு நிலத்தில் நீள நீளமாக மணல் மேடுகள், ஒன்றுக்கொன்று இணையாக. "யாரம்மா இவ்வளவு நீளத்துக்கு உழுதது?" என்று கேட்டார். காற்று உழுதது என்றேன். அந்த மணல் மேடுகளின் ஒழுங்கு சாலையில் போகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. நாங்கள் 2018-ல் அவற்றின் நடுவே ஏறி இறங்கித்தான் போனோம், ஒன்றும் விளங்கவில்லை. மேலிருந்து பார்த்தபோதுதான் பாலைவனத்துக்கும் ஒரு வரிசை இருக்கிறது என்று கண்டேன்.

விமான நிலையத்திலிருந்து விடுதி ஆறு கிலோமீட்டர், அவர்களின் பஸ்ஸே வந்து அழைத்துப் போனது. அம்மா அன்று மாலையே நடந்தார். மறுநாள் மாலா நடைபாதையில் இரண்டு கிலோமீட்டர், அதற்கடுத்த நாள் முட்டிஜூலு நீர்நிலை வரை. அந்தத் தண்ணீர் கறுப்பாக, அசையாமல், பாறையின் மடியில் கிடந்தது. பக்கத்தில் குகைச் சுவரில் பழைய ஓவியங்கள். குனியா என்ற மலைப்பாம்புப் பெண்ணின் கதை அந்த இடத்தோடு சேர்ந்தது என்று பலகையில் இருந்ததைப் படித்துச் சொன்னேன். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார்.

11 ஜூன் 2024, இரவு 10.50

முழுதாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக இதையும் எழுதுகிறேன். இரண்டாம் நாள் காலையில் அம்மா, "இது எந்தப் பக்கம்? நம் வீடு எந்தத் திசையில் இருக்கிறது?" என்று கேட்டார். கையைக் காட்டினேன். ஆனால் அவருக்கு அது பிடிபடவில்லை. மூன்று மணி நேரத்துக்குள் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்ட இடமாகவே கடைசி வரை இருந்தது. மாமாவோ காலை நீட்டி உட்கார்ந்தபடியே தெற்கைக் காட்டி, "கூபர் பெடி அங்கே, மார்லா இங்கே" என்று மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமாவுக்குத் தூரம் கிடைத்தது, பாறை கைக்கெட்டவில்லை. அம்மாவுக்குப் பாறை கிடைத்தது, தூரம் கிடைக்கவில்லை. இரண்டில் எது பெரிது என்று ஒரு வருடமாக யோசித்தும் எனக்கு முடிவு வரவில்லை.

13 ஜூன் 2024, காலை 8.00

பெரியவர்களுக்கு வழியில் உடம்பு சரியில்லாமல் போனால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. மாமாவும் வண்டியில் அதைத்தான் கேட்டார். கேட்டுப் பத்து நிமிடம் இருக்காது, சாலை ஓரத்தில் ஒரு பலகை. அங்கிருந்து சாலை அகலமாகியது. தார் மீது வெள்ளைப் பட்டைகள், ஓடுதளத்தில் இருப்பது போல. பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம் அவசரத்துக்கு இறங்குவதற்காக நெடுஞ்சாலையின் ஒரு பகுதியையே அப்படி அமைத்திருக்கிறார்கள். 1928-லிருந்து நடக்கிற சேவை அது. மகன், "அப்படியானால் நாம் இப்போது விமானத்திலா போகிறோம்?" என்று கேட்டான். மாமா சிரித்தார். பயமும் கொஞ்சம் போயிற்று.

ஆனால் அதை நம்பிக் கிளம்ப வேண்டாம். பெரும்பாலான தூரத்துக்குக் கைப்பேசியில் சிக்னல் இருக்காது. வண்டி நின்றுவிட்டால் யாரும் அதை விட்டு நடந்து போகக் கூடாது. தேடுகிறவர்கள் கண்ணில் வண்டி படும், தனி ஆள் பட மாட்டார். தண்ணீர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று கணக்கு வைத்து ஏற்றினோம். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் இருந்தால் வண்டியில் சின்னக் குளிர்பெட்டி கட்டாயம்.

16 ஜூன் 2024, மாலை 5.15

எலுமிச்சை, தக்காளி, பச்சை மிளகாய் எடுத்துப் போகலாமா என்று கேட்டவருக்கு: விக்டோரியாவிலிருந்து தென் ஆஸ்திரேலியாவுக்குள் எடுத்துப் போகக் கூடாது. பழ ஈ பரவாமல் இருக்கத்தான் அந்தத் தடை. அத்தை இரண்டு கிலோ ஆரஞ்சு வாங்கி வைத்திருந்தார். தொட்டியில் போட மனம் வரவில்லை. எல்லைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி ஆளுக்கு இரண்டு மூன்றாக உரித்துத் தின்றோம். காரெங்கும் ஆரஞ்சு வாசனை, அடிலெய்டு வரைக்கும்.

30 ஜூன் 2024, காலை 9.00

தம்பி, இரண்டு வாரம் யோசித்துவிட்டு எழுதுகிறேன். உங்கள் குடும்பத்துக்கு என் முடிவான சொல் இது. மெல்பர்னிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை விமானம். அங்கிருந்து வாடகை வண்டி. 450 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். ஓட்டுவதற்கு நீங்கள் ஒருவர் போதும். அப்பாவின் கால் வீங்காது. தூரமும் கிடைக்கும், முழுதாக இல்லாவிட்டாலும் கையில் பிடித்துப் பார்க்கிற அளவுக்கு.

நாங்கள் திரும்பி வந்த அந்த ஒரு நாள் சாலையில் எல்லாம் இருந்தது. சிவப்பு மண், பாலைவனச் சவுக்கு மரங்கள், செத்த கங்காருவின் மேல் உட்கார்ந்திருந்த பெரிய கழுகு. எதிரே வருகிற ஓட்டுநர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தி வணக்கம் சொல்வார்கள். அரை மணிக்கு ஒரு வண்டிதான் வரும், ஆகவே ஒருவரையும் தவறவிட மாட்டார்கள். மகன் ஆலிஸ் வரை முன்னிருக்கையில் உட்கார்ந்து விரலை உயர்த்தியபடியே வந்தான்.

30 ஜூன் 2024, காலை 9.25

வாடகை வண்டியில் மூன்றைப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். ஒன்று, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் இலவசம் என்பது. அந்தப் பக்கத்தில் பெரும்பாலும் வரம்பு உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அதைப் பார்க்காமல் எடுத்து, திருப்பிக் கொடுக்கும்போது வாடகையில் பாதித் தொகையைக் கூடுதல் தூரத்துக்குக் கட்டினார்கள். இரண்டு, ஊருக்கு வெளியே இருட்டில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்ற நிபந்தனை. மூன்று, மண்சாலை. கிங்ஸ் கேன்யன் என்ற பள்ளத்தாக்குக்கு ஆலிஸிலிருந்து மெரீனி வழியாகக் குறுக்குவழி இருக்கிறது என்று வரைபடம் காட்டும். அது மண்சாலை, தனி அனுமதிச் சீட்டும் வேண்டும். தார்ச்சாலையிலேயே போங்கள், யுலாராவிலிருந்து 300 கிலோமீட்டர்.

விமானம் மதியம் இறங்கினால் அன்றே கிளம்பாதீர்கள். கூபர் பெடி இருட்டை நான் சும்மா எழுதவில்லை. ஆலிஸில் தூங்கிவிட்டுக் காலை ஏழு மணிக்குப் புறப்படுங்கள்.

14 ஜூலை 2024, இரவு 9.10

டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மனம் நிறைந்தது. பூங்காவுக்குப் பெரியவர்களுக்கு மூன்று நாள் சீட்டு 38 டாலர், பிள்ளைகளுக்கு இலவசம். யுலாராவில் விடுதிகள் பெரும்பாலும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன, கடைசி நேரத்தில் மலிவாகும் என்று காத்திருக்க வேண்டாம், இப்போதே பதிவு செய்யுங்கள். செப்டம்பர் கடைசியில் பகலில் முப்பது டிகிரி இருக்கும், ஈ மொய்க்கும். முகத்துக்கு வலை ஆறு வாங்கிக்கொள்ளுங்கள். சின்னப் பெண்ணுக்கு அது இல்லாமல் ஒரு நிமிடமும் ஓடாது.

பாறையைச் சுற்றும் நடையைக் காலை பதினொரு மணிக்குள் முடித்துவிட வேண்டும். அப்பாவுக்கு முழுச் சுற்று முடியாவிட்டால் மாலா நடைபாதை சமதளம், நிழலும் உண்டு. பாறையின் பக்கத்தில் போனதும் அதன் தோலைப் பார்க்கச் சொல்லுங்கள். மீன் செதில் போல உரிந்து உரிந்து நிற்கும். சிவப்பு என்பது வெளியே பிடித்த துருதான், குகைக்குள் பார்த்தால் கல் சாம்பல் நிறத்தில் இருக்கும்.

19 செப்டம்பர் 2024, இரவு 10.40

நாளை மறுநாள் கிளம்புகிறீர்கள். விட்டுப்போன ஒன்று.

எர்ல்டண்டா தாண்டி ஒன்றரை மணி நேரத்தில் இடப்பக்கம் தட்டையான உச்சியோடு ஒரு பெரிய மலை தெரியும். அது உலுரு இல்லை, மவுண்ட் கானர். அனாங்கு மக்கள் அதை அட்டிலா என்கிறார்கள். எல்லோரும் ஏமாந்து வண்டியை நிறுத்துகிற இடம். பிள்ளைகள் "வந்துவிட்டது" என்று கத்துவார்கள், கத்தட்டும். நிறுத்தி இறங்கி, சாலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற மணல் மேட்டில் ஏறிப் பாருங்கள். பின்னால் வெள்ளையாக ஓர் உப்பு ஏரி கிடக்கும். அம்மாவுக்கு ஏற முடியாவிட்டால் கைகொடுங்கள், சின்ன மேடுதான்.

அங்கிருந்து இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அப்பாவை முன்னிருக்கைக்கு மாற்றிவிடுங்கள். உலுருவும் இடப்பக்கம்தான் முதலில் தெரியும்.